மடியில் அடங்கும் மெலிவிசை: கல்முனைக் கரையோரம் ஓர் இசைப் பயணம்

ஈழத்தின் கீழ்க்கரையிலே, மட்டக்களப்பு வாவியைக் கல்லடிப் பாலத்தால் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு ஒன்று உண்டு. இடப்புறம் வங்கக் கடல். வலப்புறம் முதலில் வாவி, அது முடிந்தபின் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். கடலுக்கும் வயலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றிட்டிலே ஊர்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் அடுத்தடுத்து அமைந்துள்ளன. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு எனப் பலவற்றைத் தாண்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் கல்முனையை அடையலாம். 1961ஆம் ஆண்டு வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அவ்வாண்டிலேதான் அம்பாறை தனி மாவட்டம் ஆயிற்று.

புதிதாக வருவோர் இங்கே ஊருக்கு ஊர் எல்லை காணமாட்டார். பெரியநீலாவணை தமிழர் வாழும் ஊர், அதனையடுத்த மருதமுனை முஸ்லிம்களின் ஊர், பாண்டிருப்பு தமிழருடையது, கல்முனை நகரம் இருசாராருக்கும் பொதுவானது, கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம்களுடையவை, காரைதீவு தமிழருடையது, நிந்தவூர் மீண்டும் முஸ்லிம்களுடையது. ஒரு மாலையில் நூலும் மணியும் மாறி மாறி வருவதுபோல், பள்ளிவாசலின் மினாராவும் கோயிலின் கோபுரமும் மாறி மாறித் தோன்றும். தொழும் முறை வேறாயினும் பேசும் மொழி ஒன்று. தாய்வழியாக வரும் குடிமுறையும், மகளுக்கு வீடும் வளவும் கொடுத்து மருமகனை அங்கே அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இருசாராரிடத்தும் உண்டு.

இத்தகைய கரையிலே இசைக்கருவி ஒன்றைப் பற்றிப் பேசப் புகுகின்றோம். அதன் பெயர் பேஸ் யுகுலேலே. உலகின் பல நகரங்களில் இன்று இளைஞரும் முதியோரும் விரும்பி வாங்கும் சிறு நரம்புக்கருவி அது. பார்வைக்குப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்போல் இருக்கும். குரலோ ஆளுயரப் பெருங்கருவியின் குரல். அதற்கும் கல்முனைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். ஆழ்ந்த குரலைச் சிறிய உடலில் எவ்வாறு அடக்குவது, அடக்கிய கருவியை எவ்வாறு அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பது என்பதே அக்கருவிக்குப் பின்னுள்ள வினா. அந்த வினா இந்தக் கரைக்குப் புதியதன்று. பக்கீர்மாரின் றபானிலும், காரைதீவில் பிறந்த அறிஞர் ஒருவரின் நூலிலும், மட்டக்களப்புப் பறங்கியரின் கல்யாண வீட்டிலும் அது முன்னரே எழுந்திருக்கின்றது. ஆகவே ஊரைப் பார்த்துக்கொண்டே கருவியையும் அறிந்துகொள்வோம்.

ஊர் எழுப்பும் ஒலிகள்

மருதமுனை கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். சாறனும் சேலையும் நெய்யும் தறிகளின் ஓசையை அங்கே கேட்கலாம். நாடா ஓடுவதும் பலகை அடிப்பதும் சேர்ந்து தாளம் தவறாத ஒலியாகும். கடற்கரைக்குச் சென்றால், கரைவலை இழுக்கும் மீனவர் பாடும் அம்பாப் பாடல் உண்டு. ஒருவர் முதலடி எடுக்க, கயிற்றைப் பற்றிய ஏனையோர் ஒரே மூச்சில் மறுமொழி கூறுவர். பாட்டும் இழுப்பும் ஒன்றாகச் சேரும்போது வலை கரையேறும். இங்கே இசை பொழுதுபோக்கு அன்று. பலருடைய வலிமையை ஒரே கணத்தில் குவிக்கும் கருவி.

கல்யாண வீடுகளில் பெண்கள் இடும் குரவையும், காதலர் கூற்றாகப் பாடப்பெற்ற நாட்டுக் கவிகளும், அண்ணாவியார் ஒருவர் முன்னின்று நடத்தும் பொல்லடியும் இக்கரை முஸ்லிம்களின் பழஞ்செல்வங்கள். பொல்லடியிலே ஆடவர் வட்டமாக நின்று, கையிலுள்ள கம்புகளைத் தம்முள் தட்டிக்கொண்டு, பாட்டுக்கேற்ப அடிபெயர்த்து ஆடுவர். இவை அனைத்தையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குரல் உண்டு, கைத்தாளம் உண்டு, கம்பின் ஒலி உண்டு, தோற்கருவி உண்டு. நரம்புக்கருவி மட்டும் அரிது. நரம்புக்கருவிகளை மார்க்க அறிஞர் பலர் விரும்புவதில்லை. தப் போன்ற தோற்கருவிகளுக்கு இடமளிப்போர் அவர்களுள்ளும் பலர். ஆதலால் இவ்வூர்களின் இசை மனிதக் குரலையும் தோலையும் நம்பியே வளர்ந்தது.

கடற்கரைப் பள்ளியும் றபானும்

கல்முனைக்குடியின் கடலோரத்திலே கடற்கரைப் பள்ளி என்று வழங்கும் தர்கா உள்ளது. தமிழ்நாட்டு நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக எழுந்தது அது. ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் இங்கே கொடியேற்றம் நிகழும். ஏறத்தாழ இருநூறு ஆண்டு மரபுடைய இவ்விழாவுக்கு அயலூர்களிலிருந்தும் தொலைவிலிருந்தும் மக்கள் திரண்டு வருவர். நேர்ச்சை செய்துகொண்ட தமிழ்க் குடும்பங்களையும் கூட்டத்தில் காணலாம். கடற்காற்றில் கொடி படபடக்க, பக்கீர்மார் அமர்ந்து றபானைத் தட்டிப் பைத்துப் பாடுவர்.

றபான் என்பது ஒருபக்கம் மட்டும் தோல் போர்த்த வட்டப்பறை. மரவளையம் ஒன்றும், ஆட்டுத்தோல் ஒன்றும், அதனை இறுக்கும் ஆணிகளுமே அதன் உறுப்புகள். ஒரு கையால் ஏந்தி மறு கையால் தட்டலாம். பயணத்தின்போது தோளில் தொங்கவிடலாம். தோலின் நடுவில் உள்ளங்கை விழும்போது எழும் ஒலி ஆழமானது. விளிம்பில் விரல்கள் விழும்போது எழுவது கூரியது. மழைக்காலத்தில் தோல் ஈரம் ஏற்றுத் தளர்ந்தால், சிறிது நெருப்பில் காட்டி இறுக்கிக்கொள்வர். ஆழ்ந்த குரலைச் சுமந்து செல்லத்தக்க உடலில் அடக்கியதே இக்கருவியின் வெற்றி. ஊர் ஊராகச் செல்லும் துறவிக்குப் பெருமுரசு பயன்படாது. கைக்கு அடங்குவதே வேண்டும்.

நோன்பு மாதத்திலே, விடியுமுன் தெருத்தெருவாகச் சென்று, சகர் உணவுக்கு மக்களை எழுப்புவதும் பாவாவின் றபானே. இருளில் தொலைவிலே மெல்லத் தொடங்கி, வீட்டு வாயிலை அணுகி, மீண்டும் தொலைவிற் சென்று மறையும் அவ்வொலியைக் கேட்டு வளர்ந்தோர் இக்கரையில் எண்ணற்றோர். இன்று அந்த வேலையை ஒலிபெருக்கியும் கைப்பேசியும் ஏற்றுக்கொண்டன. எழுப்புவதற்கு ஆள் தேவையில்லை என்றானபின், றபானைக் கற்றுக்கொள்வோரும் குறைந்து வருகின்றனர். கருவி சிறிதாயிருந்தால் மட்டும் போதாது. அதற்கு அன்றாட வாழ்வில் ஓர் இடமும், கற்றுக்கொடுக்க அருகே ஓர் ஆளும் வேண்டும் என்பதை இதனால் அறிகின்றோம்.

காரைதீவு தந்த நூல்

சாய்ந்தமருதைக் கடந்ததும் காரைதீவு. 1892ஆம் ஆண்டில் இவ்வூரில் மயில்வாகனம் என்னும் குழந்தை பிறந்தது. விஞ்ஞானம் கற்று, ஆசிரியராகி, பின் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டு, சுவாமி விபுலாநந்தர் என்று தமிழுலகு போற்றும் பெருமகனாக விளங்கியவர் அவரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்.

சங்கநூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் பேசப்படும் யாழ் என்னும் கருவி எவ்வுருவினது, எத்தனை நரம்புடையது, அந்நரம்புகள் எச்சுருதியில் நின்றன என்பதை அவர் பல்லாண்டு ஆராய்ந்தார். புலவர் உரையை மட்டும் நம்பாது, நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு உண்மை கண்டார். அந்த ஆராய்ச்சி ‘யாழ்நூல்’ என்னும் பெயரோடு 1947ஆம் ஆண்டு சூன் மாதத்தில், தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் முயற்சியால் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே சுவாமிகள் மறைந்தார். கல்லடியிலே அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் அருகே அவர் சமாதி உள்ளது. பாடும் மீன்களின் ஒலி எழும் என்று புகழ்பெற்ற அந்த வாவிக்கரையிலேயே இசையை ஆராய்ந்தவர் துயில்வது பொருத்தமே.

யாழில் பெரியதும் சிறியதும் உண்டு. பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு, மகரயாழுக்குப் பத்தொன்பது, சகோடயாழுக்குப் பதினான்கு, செங்கோட்டியாழுக்கு ஏழு என்று பழைய உரையாசிரியர் வகுத்துரைப்பர். பாணருள்ளும் பேரியாழ் ஏந்தியோர் பெரும்பாணர், சீறியாழ் ஏந்தியோர் சிறுபாணர் எனப்பட்டனர். பத்துப்பாட்டிலுள்ள இரண்டு ஆற்றுப்படைகள் இவ்விரு பெயர்களாலேயே வழங்குகின்றன. காடும் மேடும் கடந்து, பசித்த சுற்றத்தோடு வள்ளலைத் தேடி நடந்த சிறுபாணனுக்குச் சீறியாழே தோழன். எளிதாகத் தூக்கிச் செல்லும் கருவியை நாடுவது இன்றைய இளைஞரின் புதுமோகம் அன்று. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தேவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆயினும் யாழ் வழக்கொழிந்தது. யாழிலே ஒரு நரம்புக்கு ஒரு சுரம். சுரங்கள் மிகுந்தால் நரம்புகளும் மிகவேண்டும், உடலும் பெருக்க வேண்டும். வீணையிலோ தண்டின்மேல் மெட்டுகள் உண்டு. ஒரே நரம்பை வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். நான்கு நரம்பால் மூன்று தானத்தையும் தொடவல்ல கருவி வந்தபின் யாழ் பின்தங்கியது என்பது இசையறிஞர் பலர் கூறும் காரணம். ஒரு கருவி மறைந்தால் அதன் செய்முறை, மீட்டும் விரற்பழக்கம், அதற்கென்றே அமைந்த பாட்டு எல்லாம் கூடவே மறையும். விபுலாநந்தர்போன்ற பேரறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுத்தான் அதன் உருவைக் கணக்கால் மீட்க முடிந்தது. கணக்கால் மீண்டது கைக்கு மீள இன்னும் பல்லாண்டு சென்றது. அண்மை ஆண்டுகளிலேதான் சென்னையில் தருண் சேகர் என்னும் இளங் கருவியாக்குநர் யாழை மரத்தில் செதுக்கி, மீட்டிக் கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்.

பறங்கியரின் கைப்பெட்டி

இனி மீண்டும் வடக்கே நோக்குவோம். போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் 1628ஆம் ஆண்டில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அதற்குச் சற்று முன்னர், 1626இல், தம் ஆட்சிப்பகுதியிலிருந்து போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் வரவேற்று, நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். முஸ்லிம்களைத் துரத்தியவரும், துரத்தப்பட்ட முஸ்லிம்களும் ஒரே வாவிக்கரையில் அடுத்தடுத்து வந்து சேர்ந்தது வரலாற்றின் விந்தை.

கோட்டை போயிற்று, ஆட்சி போயிற்று, ஆனால் போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களான பறங்கியர் மட்டக்களப்பில் நிலைத்தனர். மரவேலையும் இரும்புவேலையும் அவர்தம் பெருந்தொழில்கள். தமிழ் பேசும் அயலாரிடையே வாழ்ந்துகொண்டே, வீட்டில் போர்த்துக்கேயக் கலப்புமொழியைப் பல தலைமுறை காத்து வந்தனர். அவர்தம் கல்யாண வீட்டில் கப்ரிஞ்ஞா ஆட்டம் இன்றியமையாதது. வயலின், மண்டலின், கிற்றார் ஆகிய நரம்புக்கருவிகளோடு, தாளத்துக்கு அங்கேயும் றபான் உண்டு! கடற்கரைப் பள்ளியில் பைத்துக்கு முழங்கும் அதே குடும்பத்துக் கருவி, இங்கே ஆடலுக்கு முழங்குகின்றது. கருவிகளுக்குச் சமயம் இல்லை, ஏந்துவோருக்கே உண்டு.

கப்ரிஞ்ஞாவின் நடையே பைலாவாகிச் சிங்கள மக்களிடையே பரவியது. வானொலியின் வழியாக அது தமிழ் வீடுகளுக்கும் வந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்கள் அந்த நடையில் பிறந்தவையே. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள் வந்தபோது, மட்டக்களப்பின் டச்பார்ப் பகுதியிலிருந்த பறங்கியர் குடிகள் பேரிழப்புக்கு ஆளாயின. கல்முனைக் கரையும் தப்பவில்லை. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. 10,000 பேருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்பாப் பாடிய குரல்களும் குரவையிட்ட குரல்களும் அவற்றுள் எத்தனையோ. ஏட்டில் எழுதாத இசை மனிதரோடே போய்விடும் என்பதை இக்கரை அறிந்ததுபோல் அறிந்த இடம் வேறில்லை.

தீவிலிருந்து தீவுக்கு

போர்த்துக்கேயர் சென்ற கடல்வழிகளிலெல்லாம் சிறு நரம்புக்கருவி ஒன்று கூடவே சென்றது. யாவாத்தீவின் தூகு என்னும் ஊரில் அது கெரொஞ்சோங் இசையாயிற்று. பிரேசிலில் கவக்கின்யோ ஆயிற்று. மதேரா என்னும் தீவில் அதற்கு மஷேத்தே என்று பெயர். நான்கு நரம்புடைய, கைக்குழந்தை அளவேயான கிற்றார். 1879ஆம் ஆண்டு ஆகத்து 23ஆம் நாள், கரும்புத்தோட்டக் கூலிகளாக மதேராவிலிருந்து வந்த நானூறுக்கும் மேற்பட்டோரை ஏற்றிய ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் ஹவாய்த்தீவின் ஹொனலூலுவை அடைந்தது. மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஹொசே டோ எஸ்பிரித்து சாந்து என்னும் மூன்று மரவேலைக்காரர் அதில் வந்தனர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர்கள் தச்சுப்பட்டறை வைத்து, ஹவாய்த் தீவின் கோவா மரத்தால் அச்சிறு கருவியைச் செய்து விற்றனர். மன்னன் கலாகவுவா அதனை அரண்மனையில் ஆதரித்தான். தத்தும் தெள்ளுப்பூச்சி என்று பொருள்படும் ‘உக்குலேலே’ என்னும் பெயர் அதற்கு வந்தது. 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெருங்காட்சியின்பின் அமெரிக்கா முழுவதும் அதன் மோகம் பரவியது. அதுவே நாம் இன்று கூறும் யுகுலேலே.

கூலியாகக் கப்பலேறியவன் எதனைக் கையோடு கொண்டுபோகக்கூடும்? பெருங்கருவியையன்று, மடியில் அடங்குவதையே. மட்டக்களப்புப் பறங்கியரின் மண்டலினும், ஹவாயின் யுகுலேலேயும், சிறுபாணனின் சீறியாழும் இந்த ஒரு விதியால் உறவினர்.

சிறு பத்தரில் ஆழ்ந்த குரல்

ஆனால் ஒரு குறை எஞ்சியிருந்தது. சிறு கருவியின் குரல் எப்பொழுதும் மெல்லியது, உயர்ந்தது. தமிழிசையார் மெலிவு என்று கூறும் தாழ்ந்த தானத்துக்குப் பெருங்கருவியே வேண்டியிருந்தது. மேனாட்டு இசைக்குழுவில் நின்றுகொண்டே மீட்டும் டபிள் பேஸ் மனிதனிலும் உயரமானது. 1951இல் லியோ பெண்டர் வெளியிட்ட மின்பேஸ் கிற்றார் அதனைக் கைக்கு எட்டச் செய்தது. எனினும் அதிலும் நரம்பின் நீளம் 34 அங்குலம்.

நரம்பைக் குறுக்கினால் என்ன ஆகும்? பள்ளி மாணவர் அறிந்த விதிதான். நீளம் பாதியானால் சுருதி ஒரு தானம் ஏறும். பழைய சுருதிக்கு இறக்க வேண்டுமானால், இழுவிசையைக் கால்பங்காகக் குறைக்க வேண்டும். அல்லது நரம்பின் நிறையை நான்கு மடங்காக்க வேண்டும். 34 அங்குலத்தை 21 ஆக்கினால், ஏறத்தாழ இரண்டரை மடங்குக்குச் சற்று மேற்பட்ட அளவில் இவ்விரண்டில் ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். உருக்குக் கம்பியைத் தளர்த்தினால் அது தொய்ந்து மெட்டுகளில் உராயும். தடிப்பாக்கினால் விறைத்துக் கம்பிபோல் ஆகித் தூய ஒலி தராது. ஆகவே கனமும் நெகிழ்ச்சியும் ஒருங்கே உடைய வேறு பொருள் தேவையாயிற்று.

1986ஆம் ஆண்டில் ஆஷ்பரி என்னும் சிறு பேஸ் கருவி சிலிக்கோன் இறப்பர் நரம்புகளோடு வெளிவந்தது. அதன் நரம்பு நீளம் 18 அங்குலம் மட்டுமே. பின்னர் ஓவன் ஹோல்ட் என்பார் பொலியூரித்தேன் நரம்பு பூட்டிய பேஸ் யுகுலேலேயை உருவாக்கினார். அமெரிக்காவின் காலா நிறுவனம் 2000களின் இறுதியில் அதனைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியது. அதன்பின் பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இன்று இக்கருவிகளின் நரம்பு நீளம் பெரும்பாலும் 20 முதல் 21 அங்குலம் வரை. நரம்புகள் நான்கும் கறுத்துத் தடித்து, பார்ப்பதற்கு இறப்பர்க் கயிறுபோல் இருக்கும். ஆயினும் சுருதி பெரிய பேஸ் கிற்றாருடையதே. அடிநரம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும்.

இத்தனை தாழ்ந்த அதிர்வைக் காற்றில் பரப்பச் சிறு மரப்பெட்டியால் இயலாது. யாழ்நூலார் பத்தர் என்னும் அந்த உறுப்புச் சிறிதாயிருப்பின், தாழ்ந்த ஒலி வெளிவர முடியாது உள்ளேயே அடங்கும். எனவே நரம்பு தாங்கும் குதிரையின் கீழே பீசோ என்னும் சிறு உணர்பொருளைப் பதித்து, அதிர்வை மின்னாக மாற்றி, ஒலிபெருக்கியால் பெருக்குவர். நம் செவியும் ஓர் உதவி செய்கின்றது. அடிப்படை அதிர்வு மங்கியிருந்தாலும், அதன் மடங்குகளாக எழும் துணையொலிகளைக் கேட்டே மனம் அந்த அடிச்சுருதியை உணர்ந்துகொள்ளும்.

விரும்பப்படுவதேன்?

இக்கருவியை நாடுவோர் பெருகுவதற்குக் காரணங்கள் தெளிவானவை. முதலாவது, சுமை குறைவு. முதுகுப் பையில் இட்டு பஸ்ஸில் ஏறலாம். இரண்டாவது, சிறு கைகளுக்கும் மெட்டுகள் எட்டும். பிள்ளைகளும், விரல் விரித்து அழுத்த இயலாத முதியோரும் மீட்டலாம். மூன்றாவது, நரம்பு மென்மையானது, விரல் நோகாது. நான்காவது, பேஸ் கிற்றாரின் சுருதியே ஆதலால், இதில் கற்றது அதற்கும் பயன்படும். ஐந்தாவது, மின்னில் இணைக்காதபோது ஒலி மிக மெல்லியது. பக்கத்து வீட்டாரை எழுப்பாமல் இரவிலும் பயிலலாம்.

இந்த ஐந்தாவது காரணத்தைக் கல்முனைக் கரையார் உடனே உணர்வர். மகளுக்கு மகள் வளவு பிரிந்து, சுவருக்குச் சுவர் ஒட்டி வீடெழுந்த ஊர்கள் இவை. ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இத்தகைய இடத்தில் பயிற்சி செய்ய விரும்பும் மாணவனுக்கு அடங்கிய ஒலியே அருள். நரம்புக்கருவியை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனச்சான்றும் குடும்பமும் முடிவு செய்யும் காரியம். அதில் அயலார் தலையிடுதல் தகாது.

குறைகளையும் கூறுவது முறை. புதிதாகப் பூட்டிய பொலியூரித்தேன் நரம்பு சில நாட்கள் இளகிக்கொண்டே இருக்கும். அடிக்கடி சுருதி சேர்க்க நேரும். மெட்டுகள் நெருங்கியுள்ளமையால், விரல் சற்று விலகினாலும் சுருதி பிசகும். நரம்பு அறுந்தால் ஊர்க்கடையில் மாற்று நரம்பு கிடைப்பது அரிது. ஆதலால் வாங்க எண்ணும் மாணவர், கருவியோடு ஒரு தொகுதி நரம்பையும் சேர்த்தே வாங்குதல் நன்று. ஒலிபெருக்கி இன்றி இக்கருவி பாதி ஊமை என்பதையும் நினைவிற் கொள்க.

பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள்

இசையில் மெலிவுக்குரிய இடம் விந்தையானது. கேட்போர் பாட்டையே கேட்பர்; அடியில் ஓடும் தாழ்ந்த குரலைத் தனியே கவனியார். ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டு கால் இழந்தாற்போல் தள்ளாடும். றபானின் உள்ளங்கை அடியும், அம்பாவில் மறுமொழி கூறுவோரின் கூட்டுக்குரலும், தறியின் ஓசையும் இக்கரையின் மெலிவிசை. கவனிப்பார் இல்லை என்பதால் அவை தேவையற்றவை ஆகா.

உலகம் புதிய பொருளையும் புதிய நரம்பையும் தேடி, தன் ஆழ்ந்த குரலை மடியில் அடங்கும் அளவுக்குச் சுருக்கிக்கொண்டது. நாமோ, முன்னோர் ஏற்கனவே கைக்கு அடங்கச் செய்து தந்ததைக் கீழே வைத்துவிடும் நிலையில் நிற்கின்றோம். யாழைக் கணக்கிட்டு மீட்க ஒரு விபுலாநந்தர் வாய்த்தார். றபானின் அடிவகைகளையும் பைத்தின் மெட்டுகளையும் மீட்க இன்னொருவர் வருவார் என்று காத்திருத்தல் அறிவாகாது. அவற்றை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யவல்ல கைப்பேசியும் உள்ளது. பள்ளி விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால், முதியவர் ஒருவரின் வாழ்நாள் அறிவில் ஒரு பகுதியேனும் காப்பாற்றப்படும். பதிவு செய்தபின் அவரிடமே றபானை வாங்கி, முதல் அடியைக் கற்றுக்கொள்ளுதல் அதனினும் சிறந்தது.

கல்முனைப் பக்கம் செல்வோர் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாட்களை விசாரித்துச் செல்க. மருதமுனையில் தறியோசை கேட்டு ஒரு சாறன் வாங்குக. காரைதீவில் இறங்கி, யாழ்நூல் தந்த பெரியார் பிறந்த மண்ணை மிதித்து, அவர் நினைவாக எழுந்த மணிமண்டபத்தையும் காண்க. மாலையில் கடற்கரைக்குச் சென்றால், கரைவலை ஏறும் வேளை வாய்க்கக்கூடும். அப்பொழுது கயிற்றின் ஒரு முனையைப் பற்றிக்கொள்ளத் தயங்க வேண்டாம். வேற்றூரார் என்று அங்கே எவரும் விலக்கமாட்டார்.